தீவுத் தாவரங்களும் அகத்தியமலைக் கமுகும்

நெய்யாறு கடலோடு கலக்கும் பூவார்ப் பொழியில், தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த பின் மணல்மேட்டின் மீது நடந்து செல்பவர், அங்கு ஒதுங்கிக் கிடக்கும் பொருள்களிடையே பலவகை விதைகளைக் காணலாம். மட்டையோடு கூடிய தேங்காய்கள் சில. ஆற்று வெள்ளம் மலையிலிருந்து அடித்துக் கொண்டு வந்த காட்டு விதைகள் சில. எந்தக் கரையிலிருந்து புறப்பட்டவை என்று மீனவர்களும் சொல்ல இயலாத கறுத்த கொட்டைகள் சில. மணல்மேட்டின் மேல் அடப்பங்கொடி படர்ந்திருக்கும். இக்கொடியின் விதை உப்புநீரில் மிதந்து நெடுந்தூரம் செல்ல வல்லது. ஆதலின் லட்சத்தீவுகளிலும், அந்தமான் கரைகளிலும், பசிபிக் பெருங்கடலின் நடுவேயுள்ள தீவுகளிலும் இதே கொடியைக் காணலாம்.

பூவாரிலிருந்து உள்நாட்டில் பாறசாலைக்கும், அதற்கு அப்பால் எல்லையிலுள்ள களியக்காவிளைக்கும் செல்லும் வழிநெடுகத் தென்னை, கமுகு, பனை ஆகிய மூன்று மரங்களும் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். இம்மூன்றும் தாவர நூலில் ஒரே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பத்தின் கிளைகள் சில கடல் நடுவே தனித்த தீவுகளிலும், வேறு சில நெய்யாற்றின் தோற்றுவாயாகிய அகத்தியமலைச் செங்குத்துப் பாறைகளிலும் வாழ்கின்றன. ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும் இவ்விரண்டு இடங்களையும் ஒரே பாடத்தில் வைத்துக் கற்க வேண்டியதன் காரணத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடல் தேங்காய்

நாட்டு மருந்துக் கடைகளில் கடல் தேங்காய் என்னும் பெயரில் ஒரு கெட்டியான வெண்பருப்பு விற்கப்படுவதை வாசகர்கள் அறிந்திருப்பர். பழங்காலத்தில் இதன் முழுக்காய், இரண்டு தேங்காய்களை ஒட்டி வைத்தாற்போன்ற வடிவத்துடன், மாலத்தீவுகளின் கரைகளில் அவ்வப்போது ஒதுங்கிற்று. மரத்தைக் கண்டவர் எவருமில்லை. அது கடலின் அடியில் வளரும் மரத்தின் காய் என்றே மாலுமிகள் நம்பினர். 1563ஆம் ஆண்டில் கோவாவில் அச்சிடப்பெற்ற கார்சியா டா ஓர்ட்டாவின் மருந்து நூலிலும் இக்காய் இடம் பெற்றுள்ளது. நச்சுமுறிவு மருந்து என்று கருதப்பட்டமையால் அரசர்கள் அதனைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கினர்.

1768இல் சீஷெல்ஸ் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த பிராலின் தீவில் பிரெஞ்சுக்காரர்கள் இம்மரத்தை நேரில் கண்டனர். உலகில் பிராலின், கூரியூஸ் என்னும் இரு சிறு தீவுகளில் மட்டுமே இது இயற்கையாக வளர்கிறது. இதன் விதை தாவர உலகிலேயே மிகப் பெரியது. 18 கிலோகிராம் வரை எடையுள்ளது. முதிர்வதற்கு ஏறத்தாழ ஆறேழு ஆண்டுகள் ஆகும். ஆயினும் உயிருள்ள விதை நீரில் மிதப்பதில்லை, மூழ்கிவிடும். மாலத்தீவுக் கரைகளை அடைந்தவை யாவும் உள்ளே அழுகி வெறுமையாகிப்போன கூடுகளே. அரசர்கள் பொன் கொடுத்து வாங்கியது, முளைக்கும் ஆற்றலை முன்பே இழந்துவிட்ட ஓட்டினைத்தான்.

பெயரில் தேங்காய் என்றிருப்பினும் இம்மரம் தென்னைக்கு நெருங்கிய உறவன்று. பாறசாலை வயல்வரப்புகளில் நிற்கும் பனைக்கே அது நெருங்கிய உறவு. பனையைப் போலவே இதிலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. கல்கத்தாவை அடுத்த சிப்பூர் தாவரத் தோட்டத்தில் 1894இல் ஊன்றப்பட்ட ஒரு பெண் மரம் பூப்பதற்கு ஏறத்தாழ நூறாண்டுகள் ஆயின. பூத்த பின்னரும் மகரந்தத்தை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியதாயிற்று. தீவில் பிறந்த ஒரு தாவரத்தை அதன் இருப்பிடத்திலிருந்து பிரித்துக் காப்பது எத்துணைக் கடினம் என்பதற்கு இந்த ஒற்றை மரத்தின் வரலாறே சான்று.

தீவுக்குக் குடிவருதல்

தீவுகள் யாவும் ஒரு தன்மையன அல்ல. இலங்கை போன்றவை கண்டத்தின் விளிம்பிலேயே அமைந்து, பனியூழிக் காலங்களில் கடல்மட்டம் நூறு மீட்டருக்கு மேல் தாழ்ந்தபோது கண்டத்தோடு நிலவழியாக இணைந்திருந்தவை. சீஷெல்ஸின் கருங்கல் தீவுகள் ஒரு காலத்தில் இந்திய நிலப்பரப்போடு சேர்ந்திருந்து, ஏறத்தாழ 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்து நின்றுவிட்ட துண்டுகள். ஹவாய், புனித ஹெலினா முதலியவையோ கடலடியிலிருந்து எரிமலைகளாக எழுந்தவை. எந்தக் கண்டத்தோடும் எக்காலத்திலும் ஒட்டியிராதவை. இவற்றையே பெருங்கடல் தீவுகள் என்று வழங்குவர். எழுந்த நாளில் அவற்றில் ஒரு புல்லும் இல்லை. இன்று அங்குள்ள தாவரம் ஒவ்வொன்றின் மூதாதையும் காற்றினாலோ, கடல்நீரினாலோ, பறவையினாலோ, பிற்காலத்தில் மனிதராலோ கொண்டுவரப்பட்டதே.

விதைகள் கடல்நீரைத் தாங்குமா என்று சார்லஸ் டார்வின் 1850களில் தம் வீட்டிலேயே சோதித்துப் பார்த்தார். 87 வகை விதைகளை உப்புநீரில் இட்டு வைத்ததில், 28 நாட்களுக்குப் பின்னும் 64 வகைகள் முளைத்தன. வேறு கருவி ஏதுமின்றிச் சில புட்டிகளையும் உப்பையும் கொண்டு செய்யப்பட்ட இச்சோதனையை எந்தப் பள்ளிக்கூடத்திலும் இன்றும் செய்து பார்க்கலாம். அவருடைய நண்பரும் இந்தியத் தாவரங்களைப் பற்றிப் பெருநூல் இயற்றியவருமான ஜோசப் ஹூக்கர், 1866இல் நாட்டிங்ஹாம் நகரில் தீவுத் தாவரங்களைப் பற்றி ஆற்றிய சொற்பொழிவு இத்துறையின் அடிப்படைகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

எல்லாத் தாவரங்களும் இவ்வாறு குடிவர இயலாது. பெரணியின் நுண்வித்துகளும் ஆர்க்கிடுகளின் தூசி போன்ற விதைகளும் காற்றில் எளிதாகப் பரவும். சதைக்கனிகளின் விதைகள் புறாக்களின் வயிற்றில் கடலைக் கடக்கும். கனமான விதையும், விரைவில் முளைத்தழியும் இயல்பும் உடைய மரங்கள் கரையிலேயே நின்றுவிடும். அந்தமான் காடுகளில் வானளாவ நிற்கும் குர்ஜன் மரங்கள், ஏறத்தாழ 150 கிலோமீட்டர் அகலமுள்ள பத்துப் பாகைக் கால்வாய்க்கு அப்பால் நிக்கோபாரில் இல்லை. அந்தமான் படாக் மரமும் நிக்கோபாரில் காணப்படுவதில்லை. அந்தமானின் தாவரங்கள் பர்மா நாட்டை நோக்கி உறவு கொண்டாட, நிக்கோபாரின் தாவரங்கள் சுமத்திராவையும் மலாயாவையும் நோக்கி உறவு கொண்டாடுகின்றன. ஒரு கால்வாய் இரு குடும்பங்களைப் பிரித்து வைத்திருக்கிறது.

இவ்வாறு வந்து சேர்ந்த சிலவற்றின் சந்ததிகள், வெளியிலிருந்து புதிய வரவு அரிதாகையால், தமக்குள்ளேயே கலந்து தலைமுறை தோறும் சிறிது சிறிதாக மாறுகின்றன. வெற்றிடங்கள் பல இருத்தலால், கண்டத்தில் சிறுசெடியாக இருந்தது தீவில் மரமாகவும் ஆகலாம். பாறசாலைப் பக்கத்து வாய்க்கால் ஓரங்களில் முளைக்கும் கரிசலாங்கண்ணி முழங்கால் உயரத்தைத் தாண்டுவது அரிது. அக்குடும்பத்தைச் சேர்ந்த செடிகளே புனித ஹெலினாத் தீவில் கட்டைமரங்களாக வளர்ந்து காடாகி நின்றன. கண்டத்திலிருந்து 3,500 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள ஹவாயில் இயற்கையாகவுள்ள பூக்கும் தாவரங்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு உலகில் வேறெங்கும் இல்லாதவை.

மாற்றத்தில் இழப்பும் உண்டு. துளசி, புதினா முதலியவற்றின் வாசனை, இலையைத் தின்ன வரும் பிராணிகளை விலக்கும் ஒருவகைக் காப்பு ஆகும். மேயும் பாலூட்டிகளே இல்லாத ஹவாயில் இக்குடும்பத்துச் செடிகள் பல அவ்வாசனையைப் பெரும்பாலும் இழந்துவிட்டன. பகைவர் இல்லாத நாட்டில் கோட்டை மதில் கவனிப்பாரற்றுப் போவதைப் போன்றது இது. பின்னொரு நாள் கப்பலிலிருந்து ஆடு இறக்கிவிடப்படும்போதுதான் அந்த இழப்பின் முழுப்பொருளும் விளங்கும்.

நிலத்தின் நடுவே ஒரு தீவு

மழை ஓய்ந்து வானம் தெளிந்த காலைப் பொழுதில் நெய்யாற்றின்கரைப் பகுதியிலிருந்து வடகிழக்கே நோக்குவோருக்கு மலைத்தொடர் நீலமாகத் தோன்றும். அதன் உச்சிகளுள் தலையாயது 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியமலை. பொதிகை எனத் தமிழ் நூல்கள் போற்றுவதும் இப்பகுதியே. உயரம் ஏற ஏறக் காற்றின் வெப்பம் குறைவதால், உச்சியில் கடற்கரையைவிட ஏறத்தாழ 10 முதல் 12 டிகிரி வரை குளிர்ச்சி மிகுந்திருக்கும். திருவனந்தபுரம் வானிலை ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக இருந்த ஜான் ஆலன் புரூன் என்னும் ஸ்காட்லாந்து விஞ்ஞானி 1855இல் இவ்வுச்சியில் ஓர் ஆய்வுக்கூடத்தை அமைத்துக் காந்த ஊசியின் அசைவையும் வானிலையையும் அளக்க முற்பட்டார். காட்டின் வழியே கருவிகளை மேலே ஏற்றியதும், இடைவிடாத மேகத்திலும் ஈரத்திலும் அவற்றைக் காத்ததும் அக்காலத்தில் சிறிய செயல் அன்று.

அந்தக் குளிரும் மேகமுமே இங்கு கடலின் வேலையைச் செய்கின்றன. மேற்கே வெப்பமான கரைநாடு. கிழக்கே திருநெல்வேலியின் வறண்ட சமவெளி. தெற்கே ஆரல்வாய்மொழியை நோக்கித் தாழ்ந்து செல்லும் மலைகள். வடக்கே ஆரியங்காவுக் கணவாய். குளிர்ந்த ஈரக்காட்டில் வாழப் பழகிய செடிக்கு இத்தாழ்நிலங்கள் கடக்க அரியவை. ஆகவே அகத்தியமலையின் உச்சிப் பகுதி, கப்பலேறாமலே சென்றடையக்கூடிய ஒரு தீவாகும். 2001இல் அமைக்கப்பட்டு 2016இல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்ட அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தில் 2,254 வகை உயர்தாவரங்கள் கணக்கிடப்பட்டுள்ளன. அவற்றுள் ஏறத்தாழ 400 வகைகள் பிற இடங்களில் இயற்கையாகக் காணப்படாதவை.

எனினும் ஒரு வேறுபாட்டை மறத்தல் கூடாது. எரிமலைத் தீவு இளையது. அதன் தனித் தாவரங்களில் பெரும்பாலானவை அங்கே வந்தபின் புதிதாகத் தோன்றியவை. அகத்தியமலையோ மிகப் பழமையான பாறையாலானது. அங்கு தனித்து நிற்பவற்றுள் சில புதியவை. சில, ஒரு காலத்தில் பரந்த நிலப்பரப்பில் வாழ்ந்து, நாடு வறண்டபோது ஏனைய இடங்களில் மறைந்து, குளிர்ந்த உச்சியில் மட்டும் எஞ்சியவை. முன்னது பிறந்த வீட்டைவிட்டு அகலாத குழந்தை. பின்னது வெள்ளத்தில் மேட்டின்மீது ஒதுங்கிய முதியவர்.

ஒன்றிரண்டு உதாரணங்கள் இதனைத் தெளிவாக்கும். காணிக்காரர் களைப்புத் தீர உண்ணும் சிறு காயையுடைய ஆரோக்கியப்பச்சை என்னும் செடியை, 1987இல் அவர்கள் வழிகாட்டிச் சென்றபோது விஞ்ஞானிகள் அறிந்தனர். பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரத் தோட்டத்தின் ஆராய்ச்சியில் அதிலிருந்து உருவான மருந்தின் வருவாயில் காணிக்காரருக்கும் பங்கு அளிக்கப்பட்ட செய்தி பலரும் அறிந்தது. அவ்வளவாக அறியப்படாத செய்தி வேறொன்று உண்டு. இச்செடியின் பேரினத்தில் இரண்டே இனங்கள் உள்ளன. ஒன்று தென்னிந்தியா, இலங்கை, மலாயா ஆகிய நாடுகளில் வாழ்கிறது. மற்றொன்று பெருங்கடலுக்கு அப்பால் மடகாஸ்கர் தீவில் வாழ்கிறது.

மற்றொன்று, பூவின் ஓர் இதழ் பாதரட்சையின் முன்புறம் போலக் குழிந்திருக்கும் மஞ்சள் நிற ஆர்க்கிட். கர்னல் ட்ரூரி என்பவர் 1865இல் இம்மலைகளில் இதனைக் கண்டார். பெட்டோம் 1874இல் அவர் பெயரையே இதற்கு இட்டார். இப்பேரினத்தின் ஏனைய இந்திய இனங்கள் யாவும் 2,000 கிலோமீட்டருக்கு அப்பால், வடகிழக்கு மலைகளில் உள்ளன. தென்னாட்டில் இது ஒன்றே. அழகே இதற்குக் கேடாயிற்று. பூப்பிரியர்களுக்காகக் கூடைகூடையாகப் பெயர்த்தெடுத்துச் செல்லப்பட்டு, மலையில் அரிதிலும் அரிதாயிற்று. இன்று அனைத்து நாட்டு உடன்படிக்கையின்படி இதன் வாணிபம் தடை செய்யப்பட்டுள்ளது. சட்டம் வந்த வேளையில் பெரும்பகுதி எடுக்கப்பட்டுவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இரண்டு கமுகுகள்

தீவையும் மலையையும் நேரடியாகவே இணைக்கும் சான்று ஒரு கமுகு இனத்தில் கிடைக்கிறது. அகத்தியமலை முதலிய தென்மலைகளில், 1,000 மீட்டருக்கு மேல், செங்குத்தான பாறை விளிம்புகளில் மெல்லிய தண்டுடன் வளரும் ஒரு மரம் உண்டு. தமிழில் வரைக்கமுகு என்றும், மலையாளத்தில் காந்தக்கமுகு என்றும் வழங்குவர். ராக்ஸ்பர்க்கின் இந்தியத் தாவர நூல் 1832இல் முழுமையாக வெளிவந்தபோது, கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் பிரபுவின் பெயரால் பெண்டிங்கியா என்னும் புதிய பேரினமாக இது பதிவாயிற்று. இனப்பெயராகிய கொண்டப்பன்னா என்பதில் பனை என்னும் நாட்டுச் சொல்லின் ஒலியை இன்றும் கேட்கலாம்.

இப்பேரினத்தில் இன்னும் ஓரினம் மட்டுமே உண்டு. அது நிக்கோபார்த் தீவுகளில் வாழ்கிறது. வேறெங்கும் இயற்கையாக இல்லை. கல்கத்தாத் தோட்டத்தின் உலர்தாவரச் சாலையில் பணியாற்றிய கர்ஸ் 1875இல் அதனை விவரித்தபோது வேறொரு பேரினத்தில் சேர்த்திருந்தார். பின்னர் இத்தாலிய நிபுணர் பெக்காரியே அதனைத் தென்மலைக் கமுகுடன் பிறந்ததென்று கண்டு, இரண்டையும் ஒரே பேரினத்தில் வைத்தார். உடன்பிறந்தார் இருவருக்கும் இடையே வங்காள விரிகுடா கிடக்கிறது. ஒருவர் மேகம் தவழும் பாறையில். மற்றவர் கடலை அடுத்த வெப்பமான ஈரக்காட்டில்.

இப்பிரிவு எவ்வாறு நேர்ந்தது? பழைய ஈரமான ஊழியில் இவற்றின் மூதாதை இரு கரைகளையும் உள்ளிட்ட பரந்த நிலத்தில் வாழ்ந்து, இடையிலுள்ளவை அழிந்திருக்கலாம். அன்றிச் சிறு கனிகளை விழுங்கும் பறவைகள் நெடுந்தொலைவிற்கு விதையைக் கொண்டு சென்றிருக்கலாம். இரண்டும் இயலக்கூடியவையே. எவ்வாறாயினும், பிரிந்தபின் ஒவ்வொன்றும் தன் இடத்திற்கேற்ப மாறி, ஒன்றின் இடத்தில் மற்றொன்று நிற்க இயலாததாயிற்று.

வரைக்கமுகு பாறை விளிம்பை விரும்பிச் சென்றதென்று எண்ணிவிடக்கூடாது. இதன் குருத்து மென்மையானது. யானைகள் அதனைப் பெரிதும் விரும்பி, மரத்தைச் சாய்த்துக் குருத்தைத் தின்னும். கமுகு இனத்திற்கு வளர்முனை ஒன்றே. அது போயின் மரமும் போயிற்று. ஆகவே யானையின் கால் எட்டாத பாறைகளில் முளைத்தவை மட்டும் பெருமரங்களாகி நின்றன என்று காட்டிலாகா அறிஞர்கள் எழுதி வைத்துள்ளனர். மலைக்காடாகிய தீவுக்குள், பாறை விளிம்புகள் இன்னும் சிறிய தீவுகளாயின.

இதற்கு ஒப்பான வரலாறு புனித ஹெலினாவில் உண்டு. அங்கு 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் விட்டுச்சென்ற ஆடுகள் பெருகிக் காட்டைத் தின்றழித்தன. அத்தீவின் கருங்காலி எனப்படும் செடி (நம் நாட்டுக் கருங்காலிக்கும் அதற்கும் உறவில்லை) அற்றுப்போயிற்றென்றே நூல்கள் எழுதின. 1980இல், ஆடு ஏறமுடியாத ஒரு கடற்பாறையில் இரண்டே செடிகள் காணப்பட்டன. அவற்றின் கிளைகளை வெட்டி நட்டு இன்று ஆயிரக்கணக்கில் பெருக்கியுள்ளனர். யானை இம்மலைக்கு அயலானதன்று, பன்னெடுங்காலக் குடி, ஆடோ வந்தேறி. எனினும் இரண்டு இடங்களிலும் தாவரத்தைக் காத்தது பாறையே.

சிறுதொகையின் ஆபத்து

தீவில் பிறந்த இனத்தின் தனிச்சிறப்புக்கும் அதன் இடருக்கும் காரணம் ஒன்றுதான். அது ஓரிடத்தில் மட்டும் உள்ளது. அதன் தொகை சிறிது. பின்வாங்கிச் செல்ல வேறு நிலமில்லை. கண்டத்தில் பரவிய ஓர் இனத்திற்கு ஒரு காடு அழிந்தால் மற்றொரு காடு உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையைத் தோற்றுவித்த நிலநடுக்கத்தில் பெரிய நிக்கோபாரின் தென்முனை ஏறத்தாழ 4 மீட்டர் தாழ்ந்தது. கரைக்காடுகள் உப்புநீரில் மூழ்கிப் பட்டுப்போயின. அதே அலை அன்று பாறசாலைக்குத் தெற்கேயுள்ள குளச்சலையும் தாக்கி உயிர்களைக் கொண்டு சென்றதை இப்பக்கத்து மக்கள் மறந்திலர். குளச்சலின் அடப்பங்கொடிக்கு நூறு கரைகள் உண்டு. நிக்கோபார்க் கமுகுக்கு அந்தத் தீவுகளை விட்டால் இயற்கை இருப்பிடம் இல்லை.

இயற்கை செய்ததைத் திருப்ப இயலாது; மனிதர் செய்வதைக் குறித்து யோசிக்கலாம். பெரிய நிக்கோபாரில் துறைமுகம், விமான நிலையம், நகரம், மின்நிலையம் ஆகியவற்றை அமைக்கும் திட்டத்திற்கு 2022இல் சுற்றுச்சூழல் அனுமதி அளிக்கப்பட்டது. இதற்கு ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் காட்டு நிலம் தேவைப்படுகிறது. ஈடாக அரியானா மாநிலத்தில் மரம் வளர்ப்பதென்றும் முடிவாயிற்று. நாட்டின் காட்டுப் பரப்புக் கணக்கிற்கு அது ஈடாகலாம். தாவர நூலின் கணக்கிலோ, கடல் கடந்து வந்து லட்சக்கணக்கான ஆண்டுகள் அத்தீவிலேயே மாறி அமைந்த ஓர் இனத்திற்கு வறண்ட வடநாட்டு மண் எவ்வகையிலும் ஈடாகாது.

தோட்டங்களில் வளர்த்துக் காக்கலாகாதோ என்று கேட்கலாம். தோட்டங்கள் பேருதவி புரிவது உண்மையே. நிக்கோபார்க் கமுகு இன்று பல நாட்டுத் தோட்டங்களில் அழகு மரமாக நிற்கிறது. ஆயினும் ஈரக்காட்டு மரங்கள் பலவற்றின் விதைகள் நெல்லைப்போலக் காயவைத்துச் சேமிக்கத் தக்கவை அல்ல, காய்ந்தால் இறந்துவிடும். எண்ணிக்கை ஒன்றிரண்டாகக் குறைந்தபின் தோட்டமும் கைகொடுக்காமல் போகலாம். வெட்சி, காப்பி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடி ராட்ரிக்ஸ் தீவில் அழிந்ததாகக் கருதப்பட்டிருக்க, 1980ஐ ஒட்டி ஒரு பள்ளி மாணவன் கொண்டுவந்த கிளையால் ஒரே ஒரு மரம் எஞ்சியிருந்தமை தெரியவந்தது. அதன் கிளைகள் 1986இல் லண்டன் கியூ தோட்டத்திற்கு அனுப்பப்பட்டன. அங்கு அவை வேர்விட்டன, பூத்தன, காய்க்கவில்லை. பல ஆண்டு முயற்சிக்குப் பின் 2003இல்தான் விதை கிடைத்தது. அதே 2003இல் புனித ஹெலினாவின் ஒலிவம் எனப்பட்ட மரத்தின் கடைசிச் செடி தோட்டத்திலேயே பூஞ்சை நோயால் மடிந்தது. காட்டிலிருந்த கடைசி மரம் 1994இலேயே இறந்திருந்தது. தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத இயல்புடைய அம்மரத்துக்கு, எஞ்சிய ஒன்றிரண்டு உறவினரின் துணை போதவில்லை.

எல்லையோரக் காவுகள்

நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் இதைவிடச் சிறிய தீவுகளும் உள்ளன. தென்னந்தோப்பும் ரப்பரும் மரவள்ளியும் சூழ்ந்த ஊர்களின் நடுவே, நாகருக்கோ அம்மைக்கோ உரிய காவுகள் சில சென்ட் நிலத்தில் நிற்கின்றன. கத்தியும் மண்வெட்டியும் புகாத அக்காவுகளில், முன்னாளில் கரைநாடு முழுவதும் பரந்திருந்த காட்டின் கொடிகளும் மரங்களும் எஞ்சியுள்ளன. 1981இல் மோகனன், நாயர் ஆகிய இரு தாவர நூலார், அவரை இனத்தைச் சேர்ந்த குன்ஸ்ட்லேரியா கேரளென்ஸிஸ் என்னும் புதிய கொடியைத் தென்கேரளத்துக் காவு ஒன்றிலிருந்து விவரித்தனர். அதன் பேரினம் அதுகாறும் மலாயாப் பகுதிக்கே உரியதென்று கருதப்பட்டு வந்தது. வரைக்கமுகின் கதையே இங்கு இன்னொரு முறை நிகழ்ந்துள்ளது. மலையுச்சிக்கு ஏறாமல், வீட்டுக் கொல்லைக்கு அருகிலேயே.

காவுகளை இன்று பெரும்பாலும் அழிப்பது வெறுப்பன்று, அளவுகடந்த பக்தியே. நாகர் கல்லைச் சுற்றித் தளம் போடுவதும், விளக்குக்காகக் கொடிகளை அகற்றுவதும், பாழ்பட்டுக் கிடக்கிறதென்று கூட்டிச் சுத்தம் செய்து அலரியும் குரோட்டன்ஸும் நடுவதும் நல்லெண்ணத்தோடு செய்யப்படுகின்றன. உதிர்ந்த சருகின் அடியில் முளைக்கும் கன்றுகள் அத்துடன் போய்விடும். முதிய மரங்கள் மேலும் ஐம்பது ஆண்டுகள் நிற்கலாம்; பார்வைக்குக் காவு முன்போலவே இருக்கும்.

1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு முதலிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அந்த எல்லைக்கோடு களியக்காவிளைக் கடைவீதிக்கு அருகே சென்று மேலேறி அகத்தியமலை முகட்டின் வழியே செல்கிறது. முகட்டின் மேற்குச் சரிவு 1958இல் ஏற்பட்ட நெய்யாறு வனவிலங்குச் சரணாலயத்தையும், கிழக்குச் சரிவு களக்காடு-முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தையும் சேர்ந்தவை. வரைக்கமுகு இருபுறமும் வாழ்கிறது. ஆகவே அதன் தொகையை அறிய விரும்புவோர் இரு மாநிலங்களின் பாறைகளையும் ஒரே பருவத்தில், ஒரே முறையில் எண்ணுதல் வேண்டும். எண்ணும்போது பெருமரங்களை ஒரு பத்தியிலும், முழங்கால் உயரத்திற்கு உட்பட்ட கன்றுகளை மற்றொரு பத்தியிலும் தனித்தனியே குறித்தல் அவசியம். முதற் பத்தி நிறைந்து இரண்டாம் பத்தி வெறுமையாக இருக்கும் பாறைகளே முதலில் கவனிக்கத்தக்கவை.